இருபத்தொரு தீவுகளும் எங்கள் வலையும்

எங்கள் பழைய வீட்டு அடுப்படிச் சுவரில், காரை பெயர்ந்த ஓரிடத்தில், தேனடையைக் குறுக்கே வெட்டி வைத்தாற்போல் கண் கண்ணாகத் துளைகள் நிறைந்த ஒரு கல் தெரியும். சிறு வயதில் அதை நகத்தால் சுரண்டி, உதிரும் வெண்பொடியை நாக்கில் வைத்துப் பார்த்து அடி வாங்கியிருக்கிறேன். அது பவளக்கல். தாத்தா காலத்தில் தீவோரத்துப் பாரிலிருந்து, அதாவது கடலுக்கடியிலுள்ள பவளத் திட்டிலிருந்து, கடப்பாரையால் பெயர்த்து, வள்ளத்தில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவந்தால், நல்ல கல் சுவருக்குப் போகும், மிச்சம் சுண்ணாம்புக் காளவாசலுக்குப் போகும். அந்த வருமானத்தில்தான் எங்கள் குடும்பம் முதன்முதலாக ஓடு வேய்ந்தது. அதே குடும்பம் பின்னாளில் 'பாரில் முன்னைப் போல மீன் இல்லை' என்று திண்ணையில் உட்கார்ந்து வருத்தப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டுத்தான், மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்காவைப் பற்றி நான் எழுத வேண்டும். கடலைக் கெடுத்தவர்கள் எல்லோரும் வெளியூர்க்காரர்கள் என்று எழுத எனக்கு உரிமை இல்லை.

ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே கரைக்கு இணையாகக் கிடக்கும் 21 தீவுகளையும், அவற்றைச் சுற்றிய ஆழம் குறைந்த கடலையும் சேர்த்து, சுமார் 560 சதுர கிலோமீட்டர் பரப்பை 1986-ல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து அதைச் சூழ்ந்த 10,500 சதுர கிலோமீட்டர் கடலும் கரையும் உயிர்க்கோளக் காப்பகம் ஆயின. 21 என்று இன்றும் எழுதுகிறோம். ஆனால் கீழக்கரைத் தீவுக் கூட்டத்துப் பூவரசன்பட்டியும் தூத்துக்குடிக் கூட்டத்து விலங்குசல்லியும் இப்போது நீருக்கு மேலே இல்லை. அலையைத் தடுத்து நின்ற பாரை வெட்டி எடுத்துவிட்டால் அதன் பின்னால் இருக்கும் மணல் எத்தனை நாள் தாங்கும்? தூத்துக்குடிக்கு அருகிலுள்ள வான் தீவும் அதே வழியில் கரைந்துகொண்டிருந்தபோதுதான், 2015-க்குப் பிறகு, துளையிட்ட கான்கிரீட் தொகுதிகளை அதன் கடல் பக்கத்தில் வரிசையாக இறக்கி அலையின் வேகத்தைக் குறைத்தார்கள். கல்லாக எடுத்ததைக் கான்கிரீட்டாகத் திருப்பிக் கொடுக்கும் அந்த வேலைக்கு ஆன செலவை நினைத்தால், எங்கள் அடுப்படிச் சுவர்தான் மாவட்டத்திலேயே விலை கூடிய சுவராக இருக்கும்.

பூங்காவின் எல்லை எப்படி வரையப்பட்டிருக்கிறது என்பது கவனிக்க வேண்டிய செய்தி. கரைப் பக்கம் மூன்றரைப் பாகம், கடல் பக்கம் ஐந்து பாகம் ஆழம் வரை பூங்கா. இரண்டு கைகளையும் விரித்தால் வரும் நீளம் ஒரு பாகம், ஏறக்குறைய ஆறடி. தாத்தா ஈயக்குண்டு கட்டிய கயிற்றைக் கடலில் விட்டு, குண்டு தரையில் தட்டியதும் நிறுத்தி, மேலே இழுக்கும்போது நெஞ்சுக்குக் குறுக்கே கைவிரித்துக் கைவிரித்து அளந்து 'நாலரை' என்பார். அரசிதழில் வந்த கோடும் தாத்தாவின் கைக்கணக்கும் ஒரே அளவையில் அமைந்தது தற்செயல்தான் என்றாலும், அந்தப் பொருத்தத்தை யாரும் பயன்படுத்திக்கொள்ளவில்லை. எந்தப் பாரில் எந்தப் பருவத்தில் என்ன மீன் கூடும் என்று அந்தக் கயிற்றைப் பிடித்தவர்களிடம் கேட்டு எல்லை போட்டிருந்தால், பூங்கா வேறு வடிவத்தில் இருந்திருக்கும். சில இடங்களில் இப்போது இருப்பதைவிடப் பெரிதாகவும் இருந்திருக்கலாம்.

கடலை மூடி வைப்பது எங்கள் பக்கத்துக்குப் புதிய வழக்கம் அன்று. கொற்கை முத்தின் காலம் வரை போக வேண்டியதில்லை. தூத்துக்குடிக் கடலில் முத்துச் சலாபம், அதாவது அரசு நடத்திய முத்துக்குளிப்பு, நடந்த முறையைப் பார்த்தாலே போதும். தொலாயிரம் பார் போன்ற முத்துப் பார்கள் ஆண்டுக்கணக்கில் மூடிக் கிடக்கும். அதிகாரிகள் குளியாட்களை இறக்கி மாதிரிச் சிப்பி எடுத்து, வயதையும் முத்தின் மதிப்பையும் பார்த்து, தேறும் என்று தெரிந்த ஆண்டில் மட்டும் சலாபம் கூவுவார்கள். எடுத்த சிப்பியில் பெரும்பங்கு அரசுக்கு, ஒரு பங்கு குளித்தவர்களுக்கு. நியாயமான பங்கீடு என்று அதைச் சொல்ல மாட்டேன். ஆயினும் மூடுவது எதற்காக, திறப்பது எப்போது, திறந்தால் தனக்கு என்ன கிடைக்கும் என்ற மூன்றும் கடலில் இறங்குகிறவனுக்குத் தெரிந்திருந்தன. கடைசிச் சலாபம் 1961-ல் நடந்தது. அதன் பின் வந்த மூடல்களில் முதல் கேள்விக்கு மட்டுமே பதில் சொல்கிறார்கள்.

மூடினால் மீன் பெருகுமா என்பதை ஐயமில்லாமல் காட்டிய இடங்களில் ஒன்று பிலிப்பைன்ஸின் சுமிலோன் தீவு. சிலிமான் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஏஞ்சல் அல்காலாவின் முயற்சியால் 1974-ல் அத்தீவின் பவளப்பாறையில் ஏறக்குறையக் கால் பங்கை மீன் பிடிக்காத இடமாக ஒதுக்கினார்கள். பத்தாண்டுகள் கழித்து, 1984-ல், உள்ளூர் அரசியலில் அந்தக் காப்பு குலைந்து, எல்லோரும் உள்ளே புகுந்தார்கள். சாதாரணக் கணக்குப்படி, நாலில் மூன்று பங்கு இடத்தில் பிடித்தவர்களுக்கு நாலு பங்கும் கிடைத்துவிட்டதால் மீன்பாடு கூடியிருக்க வேண்டும். மாறாக, மொத்தப் பிடிப்பு 54 சதவீதம் சரிந்ததாக அல்காலாவும் அவரோடு பணியாற்றிய கேரி ரஸ்ஸும் பதிவு செய்தார்கள். வெடியும் விரட்டு வலையும் கூடவே நுழைந்ததால் வந்த சேதமும் இதில் அடங்கும் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அப்படியிருந்தும், மூடியிருந்த கால் பங்குதான் மற்ற முக்கால் பங்குக்கும் மீன் ஊட்டிக்கொண்டிருந்தது என்பதைத் திறந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள நேர்ந்தது.

அருகிலேயே உள்ள ஆப்போ தீவின் கதை இன்னும் நுட்பமானது. எனக்கு அதிகம் பிடித்ததும் அதுதான். அங்கே 1982-ல் ஒரு சில மீனவக் குடும்பங்கள் அல்காலாவின் குழுவோடு மாதக்கணக்கில் பேசிப் பேசி, கரையோரம் 450 மீட்டர் நீளமுள்ள ஒரு துண்டை மட்டும் விட்டுக்கொடுத்தன. நல்ல மீன்பாடுள்ள பாறைகளை ஒரேயடியாக எடுத்துக்கொள்ளவில்லை; ஊர்க்காரர்கள் கரையில் நின்றே கண்ணால் காவல் காக்கக்கூடிய அளவு இடம், அவ்வளவே. 1985-ல் ஊராட்சிச் சட்டமாக அது உறுதிப்பட்டது. 1983-க்கும் 2001-க்கும் இடையே அந்தத் துண்டுக்குள் பாரை இன மீன்களும், வாலடியில் கத்தி போன்ற முள்ளுள்ள மீன்களும் எடையில் மூன்று மடங்காயின. எல்லையை ஒட்டித் தூண்டில் போடுகிறவர்களுக்கு மற்ற இடங்களைவிட நன்றாகவே கிடைத்தது. பதினெட்டு ஆண்டுகள் என்பதைக் கவனிக்க வேண்டும். நம்மூரில் ஒரு திட்டத்தின் ஆயுள் பெரும்பாலும் ஐந்து ஆண்டுகள். ஆறாம் ஆண்டில் பெயர்ப்பலகை மட்டும் நிற்கும்.

பிறகு முக்குளிப்பவர்கள் வந்தார்கள், ஆமையோடு நீந்தப் பயணிகள் வந்தார்கள், பணமும் வந்தது. 1994-ல் ஆப்போ தேசியச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்ட பகுதி ஆனதும், வசூலாகும் கட்டணம் தலைநகர்க் கருவூலத்துக்குப் போய், அதில் 75 சதவீதம் திரும்பி வர வேண்டும் என்ற ஏற்பாடு வந்தது. திரும்பி வருவது தாமதமாயிற்று. தீர்மானிக்கும் இடம் ஊரை விட்டு ஒரு வாரியத்துக்கு நகர்ந்தது. தங்கள் கடலைத் தாங்களே காத்தவர்கள், தங்கள் கடலைப் பற்றிய கூட்டத்தில் உட்கார்ந்து கேட்பவர்களாக ஆனார்கள். இன்னொரு தகவலும் உண்டு: அல்காலாதான் அந்தக் காலத்தில் அந்நாட்டின் சுற்றுச்சூழல் அமைச்சர். நல்ல மனிதர் மேலே இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். 2011 டிசம்பரிலும் 2012 டிசம்பரிலும் அடுத்தடுத்து வந்த இரண்டு புயல்கள் அந்தக் காப்பகத்தின் பவளத்தைச் சிதைத்துப் போட்டன என்பது கதையின் பிற்பகுதி. முப்பது ஆண்டுக் காவலையும் காற்று கேட்டுவிட்டு வருவதில்லை.

மெக்சிகோவின் காபோ புல்மோவை எடுத்துக்காட்டாகச் சொல்வோர் உண்டு. 1995-ல் 71 சதுர கிலோமீட்டர் பூங்கா. 1999-க்கும் 2009-க்கும் இடையே மீன் நிறை 463 சதவீதம் உயர்வு. மீனவர்கள் முக்குளிப்பு வழிகாட்டிகளாக மாறினார்கள். அழகான கதைதான். ஆனால் அது சிறு எண்ணிக்கைக் குடும்பங்கள் வாழும் ஒரு குக்கிராமத்தின் கதை. மண்டபத்திலிருந்து தூத்துக்குடி வரை கரை நெடுக மீனவக் குப்பங்கள் நெருங்கிக் கிடக்கும் எங்கள் பக்கத்தில், எல்லோரும் வலையைச் சுருட்டி வைத்துவிட்டுப் பயணிகளுக்குக் கண்ணாடி மாட்டிவிடும் வேலைக்கு வர முடியாது. இங்கே சுற்றுலா மீன்பிடிக்குத் துணையாக இருக்கலாம். மாற்றாக இருக்க முடியாது.

அப்படியானால் இங்கே எதைச் செய்திருக்கிறோம்? பவளம் வெட்டுவது நின்றது. 2001-ல் பவளமும் கடல் அட்டையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்தது அதற்குப் பெரும் காரணம். இந்த ஒன்றுக்காகவே பூங்காவுக்குக் கைகூப்பலாம். பவளம் எவ்வளவு உயிரோடு இருக்கிறது என்பதைத் தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிறுவனத்தார் ஆண்டுக்கணக்காக முக்குளித்து எண்ணி வருகிறார்கள். 2010-லும் 2016-லும் கோடையில் நீர் சூடேறிப் பவளம் வெளுத்து மடிந்ததை அவர்கள் கணக்கில்தான் அறிகிறோம். இந்தச் சூட்டை எந்த வனக்காவலரும் தடுக்க முடியாது என்பதும் உண்மை. ஆனால் சேறும் கழிவும், விசைப்படகு கடலடியில் இழுக்கும் வலையான இழுவை மடியும் குறைவாக உள்ள பார் சூட்டிலிருந்து மீண்டெழ வாய்ப்பு அதிகம் என்பதால், உள்ளூர்க் காவல் வீண் என்றும் ஆகிவிடாது.

பவளத்துக்குக் கணக்கு இருக்கிறது. மீனுக்கு அப்படி இல்லை. மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனம் இறங்குதளங்களில் மாதிரி எடுத்துப் பிடிப்பை மதிப்பிடுகிறது. ஆனால் அந்த விளை மீன் பூங்கா எல்லையை ஒட்டிப் பிடித்ததா, இருபது கல் தொலைவில் பிடித்ததா என்பது ஏலக்கூடையைப் பார்த்துத் தெரியாது. காப்பகத்தால் மீனவனுக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால் கையில் காட்டத் தாள் இல்லாத நிலையில், 'உங்கள் நன்மைக்குத்தான்' என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். எனக்குத் தெரிந்து எங்கள் ஊரில் அப்படியொரு கணக்கு வைத்திருப்பவர் ஒருவர்தான். அவர் என் சித்தப்பா. தீவின் வெளிப்புறத்தில் கூடு வைத்து மீன் பிடிப்பவர். பள்ளிக்கூடக் கோடு போட்ட நோட்டில் தேதி, காற்று, கூடு வைத்த இடம், ஏறிய மீன் என்று நான்கு பத்தி போட்டு எழுதுகிறார். 'கச்சான். கலங்கல். கலவா 2, விளை 5, ஓரா கொஞ்சம்' என்பது போலிருக்கும். எதற்கு எழுதுகிறீர்கள் என்று கேட்டதற்கு, வியாபாரி முன்பணக் கணக்கில் ஏமாற்றக் கூடாது என்பதற்காகத் தொடங்கியது என்றார். மீன்வளத் துறைக்கும் வனத்துறைக்கும் நடுவே விழுந்து தொலைந்துபோன தகவல், கடனுக்குப் பயந்து ஒரு நோட்டில் பதுங்கியிருக்கிறது.

சட்ட வகையிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. தேசியப் பூங்கா என்பது 1972-ஆம் ஆண்டுச் சட்டம் காட்டை மனத்தில் வைத்து உண்டாக்கிய வகை. உள்ளே எவருக்கும் எடுக்கும் உரிமை கிடையாது. காட்டைச் சுற்றிக் கல் நடலாம். கடலில் கல் நட முடியாது. இதன் சுமையை அதிகமாகத் தாங்கியவர்கள் பாசி எடுக்கும் பெண்கள். விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, இடுப்பில் பை கட்டி, மூச்சடக்கி மூழ்கி மரிக்கொழுந்துப் பாசியையும் கஞ்சிப்பாசியையும் கையால் பறிக்கும் அவர்கள், பூங்கா வருவதற்கு முன்பே தீவோரங்களில் அந்த வேலையைச் செய்து வந்தவர்கள். காவல் கடுமையானபோது அவர்கள் அத்துமீறுகிறவர்கள் ஆனார்கள். அவர்கள் செய்தது என்னவென்றால், பாம்பன் பக்கத்துப் பெண்கள் தங்களுக்குள் கூடிப் பேசி, மாதத்தில் 12 நாள் மட்டுமே பாசிக்குப் போவது என்று தாங்களே வரம்பு கட்டிக்கொண்டார்கள். சின்னப்பாலத்தைச் சேர்ந்த ஒரு பெண்ணுக்கு 2015-ல் தீவுகளின் சூழலைக் காப்பவர்களுக்கான சீகாலஜி பரிசு கிடைத்தது அந்தக் கட்டுப்பாட்டுக்கான அங்கீகாரம்தான். காப்பக மேலாண்மை என்று கருத்தரங்குகளில் பேசப்படும் பொருள், எழுதப் படிக்கத் தெரியாத பலர் சேர்ந்து கடற்கரையில் எடுத்த அந்த முடிவுக்குள் முழுதாக இருக்கிறது: யார், எங்கே, எத்தனை நாள், மீறினால் என்ன. அதற்குச் சட்டப் புத்தகத்தில் இன்னும் இடம் இல்லை. இதற்கு நேர்மாறாக, வளர்ப்புக்கென்று கொண்டுவந்த கப்பாபைகஸ் பாசி குருசடைத் தீவின் பவளத்தின் மேல் படர்ந்து மூடியதை ஆய்வாளர்கள் 2008-ல் எழுதினார்கள். அதற்காக எந்தப் பெண்ணும் தண்டம் கட்டவில்லை.

2022-ல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரில் அறிவித்த கடற்பசுப் பாதுகாப்பகம் இந்த முடிச்சைச் சற்றுத் தளர்த்தியிருக்கிறது. அது தேசியப் பூங்கா அன்று. மரபான மீன்பிடிப்பை விலக்காமல், மீனவர்களையும் சேர்த்துக்கொண்டு நடத்தக்கூடிய வகை. வலையில் சிக்கிய ஆவுளியாவை அறுத்து விடுவிக்கும் மீனவருக்குப் பாராட்டும் பரிசும் கிடைக்கும் கடற்கரையில், அதே மீனவர் காவல் படகைக் கண்டு ஓட வேண்டிய அவசியம் குறைகிறது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளுக்கும் ஒரே பூட்டு போட்டிருப்பதை மாற்றி, சில பார்களை முழுதாக மூடவும், சிலவற்றைத் தூண்டிலுக்கும் கூட்டுக்கும் மட்டும் விடவும் வழி வேண்டும் என்பது என் கருத்து. எல்லாவற்றையும் தாளில் மூடிப் பாதியைக் கடலில் திறந்து வைத்திருப்பதைவிட அது நேர்மையானது.

சுற்றுலாவுக்கு வருகிறேன். குந்துகாலிலிருந்து குருசடைக்கும், பிச்சைமூப்பன்வலசையிலிருந்து கடற்புல் படுகைக்கும் மணல் திட்டுக்கும், பாக் விரிகுடாப் பக்கம் காரங்காட்டில் அலையாத்திக் காட்டுக்குள்ளும் வனத்துறையும் ஊர்க் குழுவும் சேர்ந்து படகு விடுகின்றன. காரங்காட்டில் துடுப்புப் படகில் போய்விட்டு வந்து ஊர்ப் பெண்கள் சமைத்த நண்டுக் குழம்பு சாப்பிட்ட நாளில், இந்தப் பணம் எந்தக் கைக்குப் போகிறது என்று என் கண்ணுக்கே தெரிந்தது. அதுவே அந்த ஏற்பாட்டின் பலம்.

எல்லா இடத்திலும் அப்படி இல்லை. சென்ற ஆண்டு நண்பர்களோடு வேறொரு கரையிலிருந்து தனியார் படகொன்றில் போனேன். பார் தெரியும் இடம் வந்ததும் ஓட்டுநர் எட்டிப் பார்க்காமல் நங்கூரத்தைத் தூக்கிப் போட்டார். நான் கண்ணாடி மாட்டிக்கொண்டு இறங்கிப் பார்த்தபோது, தட்டுத் தட்டாக அடுக்கி வளர்ந்திருந்த பவளத்தின் நடுவே நங்கூரத்தின் ஒரு கொக்கி மாட்டியிருந்தது; படகு அலையில் ஏறி இறங்கும்போதெல்லாம் கயிறு விறைத்து, தட்டின் ஓரம் பிஸ்கட் போல் ஒடிந்து சரிந்தது. ஒடிந்த இடம் பால் வெள்ளை. மேலே படகில் 'பவளப்பாறையைத் தொடாதீர்கள்' என்று எழுதிய அட்டை தொங்கியது. ஓட்டுநரிடம் சொன்னேன். 'வேற எங்கண்ணே கட்டுறது?' என்று கேட்டார். நியாயமான கேள்வி. கடலடியில் ஒரு கான்கிரீட் கட்டை, ஒரு கயிறு, ஒரு மிதவை இருந்திருந்தால் அவர் அதில் கட்டியிருப்பார். நுழைவுக் கட்டணத்தில் முதல் செலவு மிதவைக்கு என்று ஒரு விதி இருந்தால் போதும். அதைப் பராமரிக்கும் வேலையை ஊர்ச் சங்குகுளி ஆட்களுக்குக் கொடுத்தால், அவர்களைவிடத் திறமையாகச் செய்ய ஆள் கிடையாது.

கடைசியாக, இவை அனைத்தையும் வெறுங்கணக்காக்கிவிடக்கூடிய ஒன்று உண்டு. காப்பகத்திலிருந்து நிரம்பி வெளியே வரும் மீன், எல்லையில் தூண்டிலோடு நிற்கிறவனுக்குக் கிடைத்தால்தான் அவன் காவலுக்குத் துணை வருவான். இழுவை மடி இரவில் தீவை உரசிப் போகுமானால், பார் வளர்த்த மீன் அவன் கண்ணெதிரே வேறொருவர் பெட்டிக்குப் போகும். கரையோரக் கடல் நாட்டுப்படகுக்கே என்று 1983-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுக்குத் தடை உண்டு. மீதமுள்ள நாட்களில் தீவுகளின் வெளிப்புறத்தைக் காப்பது எத்தனை ரோந்துப் படகு, எவ்வளவு டீசல் என்ற கேள்வி மட்டுமே. பவளம் நடுவதற்குக் கிடைக்கும் புகைப்படம் டீசல் நிரப்புவதற்குக் கிடைப்பதில்லை என்பதால் அது எப்போதும் பின்னுக்குத் தள்ளப்படுகிறது.

சென்ற பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, கடல் வரைபடம் ஒன்றை அச்செடுத்துச் சித்தப்பாவின் முன் விரித்து வைத்தேன். உங்களிடம் கேட்டு ஓரிடத்தை மூடுவதானால் எதை மூடச் சொல்வீர்கள் என்று கேட்டேன். முதலில் சிரித்தார். 'நான் நிறுத்திடுறேன். மடிக்காரன் நிறுத்துவானா?' என்றார். நிறுத்துவான் என்றே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, வரைபடத்தைத் தன் பக்கம் திருப்பி, தீவுகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டே வந்து, பூங்கா எல்லைக்கு வெளியே, எந்தக் கோட்டுக்குள்ளும் வராத ஓர் இடத்தில் நகத்தால் அழுத்தினார். தை, மாசியில் கலவா சினையோடு வந்து கூடுகிற இடமாம். ஐந்தே கூடு வைத்து வள்ளம் நிறையப் பிடித்திருக்கிறாராம். நோட்டைப் புரட்டி அந்த நாளையும் காட்டினார். அதன் பெயரை இங்கே எழுதக் கூடாது என்று சொல்லித்தான் அனுப்பினார்.